கணப்பின் மேல் ஓர் இடம்

முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் மாஸ்கோவிலிருந்து அனுப்பிய தமிழ் நூல்கள் வழியாகவே நம்மில் பலருக்கு ருஷ்யக் குளிர் அறிமுகமாயிற்று. அக்கதைகளில் கிழவர்கள் கணப்பின் மேல் படுத்திருப்பார்கள். எரியும் அடுப்பின் மீது ஒருவர் எப்படிப் படுப்பது என்று குழம்பியபடியே பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம். செகாவின் வான்கா (1886) கனவில் காணும் தாத்தாவும் வெறுங்கால்களைத் தொங்கவிட்டு அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ருஷ்யக் கணப்பை வீட்டுக்குள் கட்டிய சிறு வீடு என்றே சொல்லலாம். செங்கல்லாலோ இடித்து இறுக்கிய களிமண்ணாலோ எழுப்பிய அந்தப் பருமன் குடிசையில் பெரும் பகுதியை அடைத்துக்கொள்ளும். விடியலில் விறகை அடுக்கி ஒரு முறை மூட்டுவார்கள். சில மணி நேரத்தில் நெருப்பு அடங்கிவிடும். வெப்பத்தை உண்ட கல்லோ மறுநாள் காலை வரை அதை மெல்ல மெல்ல வெளியிட்டுக்கொண்டிருக்கும். சுடர் போன பிறகு கல்லிடம் குளிர்காய்வதே அந்த வாழ்க்கை. அதே சூட்டில் ரொட்டி வேகும், காளான் உலரும். குளியல் குடில் இல்லாத ஊர்களில் கணப்பின் வயிற்றுக்குள் புகுந்து குளித்தவர்களும் உண்டு. மேல்தளம் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் உரியது.

நெடுங்காலம் இதற்குப் புகைபோக்கி கிடையாது. புகை அறைக்குள்ளேயே எழுந்து, கூரையடியில் மிதந்து, சிறு சாளரம் வழியே வெளியேறும். சுவர்கள் கரிபடிந்ததால் அவ்வீடுகள் கறுப்புக் குடிசைகள் எனப்பட்டன. வெப்பம் வீணாகாது, விறகும் மிச்சம். கண்களும் நுரையீரலும் அதற்கு விலை கொடுத்தன. மகா பீட்டர் 1718இல் தம் புதிய தலைநகரில் இத்தகைய வீடுகளைக் கட்டத் தடை விதித்தார். கிராமங்களில் அவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருந்தன. அரசாணையை விட ஏழ்மைக்கு ஆயுள் அதிகம்.

புகைபோக்கியோடு வேறோர் அபாயம் வந்தது. தணல் முழுதும் அவியுமுன் புகைவழித் தகட்டை மூடினால் கார்பன் மோனாக்சைடு வீட்டை நிரப்பும். தாமதித்து மூடினால் சூடெல்லாம் வானத்துக்குப் போகும். தணலின் மேல் நீலச்சுடர் இன்னும் ஆடுகிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். உறங்கப்போகும் ஒரு குடும்பத்தின் உயிர் அந்த ஒரு பார்வையில் இருந்தது.

நகரம் வேறு வழியைத் தேடியது. பீட்டர்ஸ்பர்கில் தொழிற்சாலை நடத்திய ஃபிரான்ஸ் சான் கல்லி 1850களில் வார்ப்பிரும்பு ரேடியேட்டரை உருவாக்கினார். கொதிகலன் ஓரிடத்தில் எரியும். சூடான நீர் அறைதோறும் வெப்பத்தைக் கொண்டு செல்லும். அதே நகரம் லெனின்கிராடாகி முற்றுகையில் சிக்கிய 1941–42 குளிர்காலத்தில் எரிபொருள் தீர்ந்தது, குழாய்கள் உறைந்து வெடித்தன. மக்கள் புர்ஷுய்கா எனும் தகட்டடுப்பை அறைக்குள் வைத்து, அதன் குழாயைச் சாளரம் வழியே வெளியே நீட்டினார்கள். மெல்லிய தகட்டில் வெப்பம் தங்காது; மூட்டியதும் சுடும், அவிந்ததும் குளிர்ந்துவிடும். ஆகவே அதற்கு ஓயாமல் தீனி வேண்டியிருந்தது. நாற்காலிகள் போயின, அலமாரிகள் போயின, பின்பு அவற்றில் இருந்த நூல்களும் போயின. இதை எழுதுகையில் நம் அலமாரியை ஒருமுறை திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கணப்பின் மேல் இருந்த அந்த இடத்தின் மதிப்பை இவற்றையெல்லாம் அறிந்த பிறகே நாம் உணர்ந்தோம். டால்ஸ்டாயின் ‘மூன்று மரணங்கள்’ (1859) கதையில், வண்டியோட்டிகள் தங்கும் குடிசையில் ஃபியோதர் கணப்பின் மேல் கிடந்து செத்துக்கொண்டிருக்கிறான். தன் மூலையை அவன் பிடித்துக்கொண்டான் என்று சமையற்காரி நஸ்தாஸ்யா முணுமுணுக்கிறாள். முதல் வாசிப்பில் அவளை இரக்கமற்றவள் என்று நினைத்தோம். சீக்கிரமே மூலையைக் காலி செய்துவிடுவதாக அவனும் மன்னிப்புக் கேட்பது போலச் சொல்கிறான். அன்றிரவு அவளுக்கு ஒரு கனவு: ஃபியோதர் கணப்பிலிருந்து இறங்கி விறகு பிளக்கப் போகிறான், சிம்புகள் பறக்கின்றன. விழித்து அவனைக் கூப்பிடுகிறாள், பதில் இல்லை. கணப்பின் விளிம்பில் தொங்கும் அவன் கை சில்லிட்டிருக்கிறது.