வானொலியின் வாசலில் நம் பாடல்

உத்தமபாளையத்திலிருந்து கம்பம் செல்லும் சாலையில், வயலும் தோப்பும் சூழ அமைந்திருக்கிறது அனுமந்தன்பட்டி. கத்தோலிக்கக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் ஊர். இத்தகைய ஊர்களில் திருவிழாவுக்கும் கிறிஸ்து பிறப்புக்கும் சொந்தமாகப் பாட்டுக் கட்டி, மெட்டமைத்துப் பாடுவோர் உண்டு. திரைப்படத்தைச் சாராத அத்தகைய பாடல் வானொலியில் ஏறும் வழி எது? இக்கேள்விக்கு விடை தேட, வானொலியின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

சென்னையில் 1924-ல் ஆர்வலர்கள் சிலர் கூடித் தொடங்கிய வானொலிக் கழகம் மூன்றாண்டுகளில் பணமின்றி நின்றது. அதன் கருவிகளைக் கொண்டு சென்னை மாநகராட்சி 1930-ல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் பிறந்தன. கருவியை வைத்திருந்தவர் விரும்பியதே ஒலித்த நிலை மாறி, பாடகரைத் தேர்ந்தெடுப்பது அரசின் பொறுப்பாயிற்று.

அப்பொறுப்பின் முதல் அடிகளுள் ஒன்று நம் பாடற்குழுக்களுக்குப் பாதகமாகவே அமைந்தது. 1940 மார்ச் முதல் நாளிலிருந்து ஆர்மோனியம் வானொலி நிலையங்களில் விலக்கப்பட்டது. பாரிசில் 1842-ல் காப்புரிமை பெற்று, மறைப்பணியாளர் வழியாக நம் நாட்டில் வேரூன்றிய கருவி அது. அதன் கட்டைகள் நிலைத்த சுரங்களையே தரும். இந்திய இசையின் உயிரான கமகத்தின் நெளிவு அதில் வாராது என்பதே காரணம். கவிஞர் தாகூரும் இவ்விலக்கை ஆதரித்தார். வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் சிற்றூர்க் கோவில்களில் ஆர்மோனியப் பெட்டியே பாடற்குழுவின் ஆசானாக இருந்தது. 1971-ல்தான் அவ்விலக்கு தளர்ந்தது; அதுவும் முதலில் உயர்தரக் கலைஞரின் பக்கவாத்தியமாக மட்டுமே.

இதற்கிடையே, 1952-ல் அமைச்சர் கேஸ்கர் காலத்தில் குரல் தேர்வு முறை உறுதிபெற்றது. புகழ்பெற்ற வித்வான்களும் தேர்வுக்கு உட்பட வேண்டியிருந்ததால் எதிர்ப்பு எழுந்தது. ஆனால் பெயரைப் பாராது குரலை மட்டும் கேட்டுத் தரம் பிரிக்கும் ஏற்பாட்டில் ஒரு நீதி உண்டு. பரிந்துரையற்ற சிற்றூர்ப் பாடகருக்கும் அது ஒரு வாசலைத் திறந்தது. அதே ஆண்டுகளில் திரைப்பாடலுக்கு இடம் சுருங்கவே, நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர். அவர்களை மீட்க 1957-ல் விவிதபாரதி வந்தது. மக்கள் விரும்பும் பாட்டைக் கட்டளையால் மாற்ற இயலாது என்பது அன்று தெளிவாயிற்று.

இதே உத்தமபாளையம் வட்டத்துப் பண்ணைப்புரத்தின் இசை வானொலியை அடைந்த வழி வேறு. பாவலர் வரதராசனும் அவர் தம்பியரும் ஊர் ஊராக மேடையேறிப் பாடினர். தம்பி இளையராஜா 1976-ல் ‘அன்னக்கிளி’ வழியாக வானொலிதோறும் ஒலித்தார். மண்ணின் மெட்டு, திரைப்படம் என்னும் பக்கவாசல் வழியே நுழைந்தது. திரைப்படத்தை நாடாதவருக்கு அந்த வாசல் இல்லை.

திருச்சபை இத்தேவையை முன்னரே உணர்ந்திருந்தது. மார்க்கோனி அமைத்த வத்திக்கான் வானொலியைத் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1931-ல் தொடங்கிவைத்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இரு ஏடுகள் 1963 டிசம்பர் 4 என்னும் ஒரே நாளில் வெளியாயின. ஒன்று, திருவழிபாட்டில் மக்களின் மொழிக்கு இடமளித்தது. மற்றொன்று, சமூகத் தொடர்புக் கருவிகளைப் பயன்படுத்தும் கடமையை நினைவூட்டியது. நம் மொழியில் பாடவும், பாடியதைப் பலர் கேட்கச் செய்யவும் ஒரே நாளில் நாம் அழைக்கப்பட்டோம். மணிலாவிலிருந்து வேரித்தாஸ் வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1976-ல் தொடங்கியது. 2018-ல் அதன் சிற்றலை நின்று, பணி இணையத்துக்கு மாறியது.

வாசல்கள் இன்று பெருகியுள்ளன. மதுரையிலும் கோடைக்கானலிலும் வானொலி நிலையங்கள் எழுந்தன. 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலி தொடங்கியது. 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் அவ்வுரிமை கிட்டியது. அவற்றின் நிகழ்ச்சிகளில் பாதியேனும் அவ்வட்டார மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும் என்பது விதி. தனித்துப் பாடுவோருக்கு இதைவிட நேரான அழைப்பு வேறில்லை.

அழைப்பு இருந்தும் ஆயத்தம் இல்லையேல் பயனில்லை. குரல் தேர்வுக்கு முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும். திரை மெட்டைக் கடன் வாங்காத சொந்தப் பாடல் வேண்டும். எழுதியவர், மெட்டமைத்தவர் பெயரும் இசைவும் எழுத்தில் இருக்க வேண்டும். இரைச்சலற்ற ஒலிப்பதிவும் வேண்டும். இவற்றைப் பங்குதோறும் இளைஞர் மேற்கொண்டால், நம் பெரியோர் நெஞ்சில் மட்டுமே வாழும் பாடல்கள் அவர்களோடு கல்லறைக்குச் செல்லமாட்டா. ஆண்டவர் தந்த தாலந்தை நிலத்தில் புதைப்பதா, பெருக்குவதா? அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாமே.