பட்டுச் சட்டையும் ரோஜா மணமும்: ஒவ்வா உடலுக்கு நம் மரபு தந்த இடம்

நம் ஊர்த் திருமண வீடுகளில் வாசலிலேயே பன்னீர் தெளிப்பார்கள். புறங்கையில் அத்தர் தடவுவார்கள். உள்ளே ஸஹனைச் சுற்றி அமர்த்தி உணவு பரிமாறுவார்கள். இந்த உபசரிப்பின் நடுவே கையை நீட்டாமல் ஒதுங்கி நிற்கும் ஒருவரையும் அவ்வப்போது காண்கிறோம். அத்தர் பட்டால் அவருக்குத் தோல் தடித்துச் சிவக்கும். ஸஹனில் இறால் ஒரு துண்டு கலந்திருந்தாலும் உதடு வீங்கிவிடும். அல்லாஹ் தந்த ரிஸ்கில் இப்படிக் குறை காணலாமா என்று மூத்தவர் ஒருவர் கேட்பார்; பிகு செய்கிறார் என்று இளையவர் ஒருவர் சிரிப்பார். ஒதுங்கி நின்றவர் மேலும் ஒதுங்கிப் போவார்.

இந்த மனிதரைப் பற்றி நம் மார்க்க நூல்களும் மருத்துவ நூல்களும் என்ன சொல்லியிருக்கின்றன என்று தேடினால், மூத்தவரின் கேள்விக்கும் இளையவரின் சிரிப்புக்கும் அவற்றில் ஆதரவு கிடைப்பதில்லை. இத்தகையோரின் முறையீடு அங்கே நம்பப்பட்டிருக்கிறது; அதற்காகச் சட்டமே இடம் விட்டுக் கொடுத்திருக்கிறது.

ஆண்களுக்குப் பட்டு விலக்கப்பட்டது என்பதை யாவரும் அறிவோம். அந்த விலக்கலுக்கு நபி (ஸல்) அவர்களே ஒரு சலுகை வழங்கினார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்ற செய்தி இது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) ஆகிய இருவருக்கும் உடலில் ஏற்பட்டிருந்த அரிப்பின் காரணமாகப் பட்டுச் சட்டை அணிய அனுமதி கிடைத்தது. பேன் தொல்லையை அவர்கள் முறையிட்டதாக மற்றோர் அறிவிப்பு கூறுகிறது. முறையிட்ட இருவரும் நோவு தாங்காத மென்மையாளர்கள் அல்லர். சுவனத்து நற்செய்தி பெற்ற பதின்மரில் இருவர். பத்ரிலும் உஹதிலும் நின்றவர்கள். வாளின் வெட்டைப் பொறுத்தவர்கள் முரட்டுத் துணியின் உரசலைப் பொறுக்க இயலவில்லை என்றபோது, பொறுத்துக் கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்லப்படவில்லை.

பின்வந்த சட்ட அறிஞர்கள் இச்செய்தியின் மேல் நடத்திய விவாதம் சுவையானது. இச்சலுகையை மற்றவர்களுக்கும் பொதுவாக்க இமாம் மாலிக் (ரஹ்) இசையவில்லை. ஷாஃபிஈ மத்ஹபு அரிப்புடைய எல்லா ஆண்களுக்கும் அதை விரித்தது. முஸ்லிம் தொகுப்புக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவி (மறைவு ஹி. 676 / கி.பி. 1277) பட்டின் குளிர்ச்சியே இதற்குக் காரணம் என்றார். ஹாஃபிழ் இப்னு ஹஜர் அல்-அஸ்கலானீ (மறைவு ஹி. 852 / கி.பி. 1449) அதை மறுத்து எழுதினார்: மருத்துவர் கணக்கில் பட்டு சூடானது; ஆதலால் குளிர்ச்சி காரணமாகாது; பேன் போன்று அரிப்பை உண்டாக்குபவற்றைத் தடுக்கும் தனிக்குணம் ஒன்று அதில் இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. இப்னுல் கய்யிம் (மறைவு ஹி. 751 / கி.பி. 1350) இன்னும் எளிமையாகப் பார்த்தார். மற்றத் துணிகளில் உள்ள வறட்சியும் சொரசொரப்பும் பட்டில் இல்லை என்றார் அவர். இன்றைய தோல் மருத்துவரும் ஏறத்தாழ இப்படித்தான் பேசுவார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தோல் அழற்சியுள்ள 300 குழந்தைகளைக் கொண்டு இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு பட்டாடை அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் நோயின் கடுமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பட்டு எல்லாருக்கும் மருந்து என்று யாரேனும் விளம்பரம் செய்தால் இந்த ஆய்வைக் காட்டலாம். ஆனால் அன்று வழங்கப்பட்ட சலுகை பட்டின் பெருமைக்காக வழங்கப்பட்டதன்று; இன்னது எனக்கு ஆகவில்லை என்று சொன்னவரின் சொல்லுக்காக வழங்கப்பட்டது.

அந்தச் சொல்லை நம்பாவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் ஒரு செய்தி உண்டு. பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்யலாமா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கையில் உமக்குச் சலுகை இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள், அறியாமல் தீர்ப்புச் சொன்னவர்களையே அவரைக் கொன்றவர்களாகக் கண்டித்ததாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. இதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ் கலையாளர்களிடையே பேச்சு உண்டெனினும், சட்ட நூல்கள் இதனை விடாமல் எடுத்தாண்டு வந்துள்ளன.

இனி மருத்துவத்துக்கு வருவோம். ரய் நகரத்து அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்-ராஸீ (மறைவு ஹி. 313 / கி.பி. 925) எழுதிய எண்ணற்ற ஏடுகளில் சிறியதொன்று உண்டு. வசந்த காலத்தில் ரோஜாவை முகரும்போது அபூ ஸைத் அல்-பல்கீக்கு ஏன் மூக்கு ஒழுகுகிறது என்பதே அதன் பொருள். இந்த அபூ ஸைத் (மறைவு ஹி. 322 / கி.பி. 934) சாதாரணமானவர் அல்லர். புவியியல் வரைபடக் கலையில் ஒரு மரபையே தோற்றுவித்தவர். உடல்நலத்தையும் உள்ளநலத்தையும் ஒருங்கே ஆராய்ந்து நூல் செய்தவர். உடல்நலம் பற்றி ஊருக்கெல்லாம் எழுதியவரால் ஒரு ரோஜாவை முகர முடியவில்லை!

பல்லாயிரம் பேர் மகிழ்ந்து முகரும் ஒரு மலர் ஒருவரை மட்டும் வருத்துகிறது என்றால் கோளாறு எங்கே? ராஸீ அதை மனப்பிரமை என்று தள்ளவில்லை. எந்தப் பருவத்தில், எதை முகர்ந்தபின், உடலில் என்ன நிகழ்கிறது என்று காரண காரியமாகவே ஆராய்ந்தார். அவருடைய விளக்கம் அக்காலத்துத் தாதுக் கோட்பாட்டைச் சார்ந்தது. மகரந்தத்தின் பங்கு அவருக்குத் தெரியாது. ரோஜாவின் மகரந்தம் பூச்சிகளால் செல்வது. காற்றில் பரவும் புல், மர மகரந்தங்கள் அதே பருவத்தில் மிகுவதால் பழி ரோஜாவின் மேல் விழுந்திருக்கவும் கூடும். ஆயினும் இந்நோயை ஐரோப்பிய மருத்துவத்தில் முறையாகப் பதிவுசெய்த ஜான் போஸ்டாக் தம் சொந்த உடலின் தொல்லையை விவரித்தது 1819இல். சார்லஸ் பிளாக்லி மகரந்தமே காரணம் என்று தம்மையே சோதித்து நிறுவிய நூல் வந்தது 1873இல். ராஸீயின் ஏடு இவர்களுக்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் முந்தியது.

இப்னு ஸீனா (மறைவு ஹி. 428 / கி.பி. 1037) இதனை ஒரு கோட்பாடாகவே வளர்த்தார். நம் பெரியவர்கள் ‘மிஜாஸ்’ என்று இன்றும் சொல்கிறார்களே, அந்த உடற்கூறு ஒவ்வோர் இனத்துக்கும் வேறு, ஒவ்வொரு மனிதருக்கும் வேறு என்றார். இந்தியரின் மிஜாஸை ஸ்லாவியருக்குப் பொருத்தினால் நோயுறுவார், இறக்கவும் கூடும் என்பது அல்-கானூனில் அவர் தரும் எடுத்துக்காட்டு. அதே நூலின் இரண்டாம் பாகத்தில் மருந்துகளைச் சோதிக்கும் விதிகளை வகுத்துள்ளார். சோதிக்கும் பொருளில் வேறு குணம் எதுவும் கலந்திருக்கக் கூடாது. பல நோய்கள் பின்னிக் கிடக்கும் உடலில் சோதிக்கக் கூடாது. பலன் தோன்றும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். அது திரும்பத் திரும்ப நிகழ்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை நிகழ்ந்தது தற்செயலாக இருக்கலாம்.

எதைப் பூசினாலும் எரிகிறது என்று புதிய களிம்பைத் தேடுபவர் இந்த விதிகளையே தம் குளியலறையில் வைத்துக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுப் பொருள். முழங்கையின் உட்புறத்தில் சிறிய இடம். நாளுக்கு இருமுறையாக ஏழு முதல் பத்து நாள்கள். இன்றைய தோல் மருத்துவர்கள் சொல்லும் இம்முறையைக் கண்டு இப்னு ஸீனா திகைத்திருக்க மாட்டார். உணவில் மட்டும் இத்துணிவு கூடாது. மூச்சுத் திணறலோ மயக்கமோ ஒருமுறை கண்டவர், விலக்கிய உணவை மீண்டும் உண்டு பார்ப்பது மருத்துவரின் முன்னிலையில் மட்டுமே நடக்க வேண்டும்.

பாக்தாத் மருத்துவரான இப்னு புத்லான் என்னும் கிறித்தவ அறிஞர் (மறைவு ஹி. 458 / கி.பி. 1066) எழுதிய தக்வீமுஸ் ஸிஹ்ஹா, உணவுகளையும் பழக்கங்களையும் அட்டவணையில் அடுக்கியது. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் பயன் என்றொரு கட்டம். தீங்கு என்றொரு கட்டம். அத்தீங்கை நீக்கும் வழி என்றொரு கட்டம். எந்த மிஜாஸுக்கும் வயதுக்கும் பருவத்துக்கும் பொருந்தும் என்றும் கட்டங்கள் உண்டு. தீங்கின் கட்டத்தை அந்நூலாசிரியர் விட்டுவைக்கவில்லை என்பதே நம்மைக் கவர்கிறது.

நம் தமிழ் வீடுகளில் கருவாட்டையும் கத்தரிக்காயையும் ‘கரப்பான் பண்டம்’ என்று சொறியுள்ளவருக்கு விலக்குவார்கள். இப்னு ஸீனாவும் கத்தரிக்காயை இதே குற்றக் கூண்டில் ஏற்றியவர். கரும்பித்தத்தைப் பெருக்கித் தோலின் நிறத்தைக் கெடுக்கும் என்றார். மறுபக்கம், கத்தரிக்காய் எல்லா நோய்க்கும் நிவாரணம் என்றொரு பொய்ச் செய்தியை யாரோ நபி (ஸல்) அவர்களின் பெயரால் புனைந்துவிட்டிருந்தார்கள். இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களை இனங்காண எழுதிய நூலில் இப்னுல் கய்யிம் இதை எடுத்துக்காட்டிச் சாடுகிறார். அறியாத மருத்துவன் சொன்னால்கூட மக்கள் சிரிக்கும் பேச்சு இது என்பது அவர் வாதத்தின் சாரம்.

எல்லாருக்கும் எல்லா நோய்க்கும் ஒன்றே மருந்து என்ற ஆசை பழையது. கருஞ்சீரகத்தைப் பற்றிய ஹதீஸ் ஆதாரபூர்வமானது. அதைக்கூட நம் இமாம்கள் கண்ணை மூடிக்கொண்டு விரிக்கவில்லை. சொல் பொதுவாயினும் பொருள் சிலவற்றையே குறிக்கும் என்றார் கத்தாபீ. அன்டலூசியாவின் காழி அபூபக்ர் இப்னுல் அரபீ (மறைவு ஹி. 543 / கி.பி. 1148) தேனைக் கொண்டு விளக்கினார். தேனில் நிவாரணம் உண்டென்று குர்ஆனே கூறியிருக்க, தேன் குடித்தால் தீங்குறும் நோயாளிகளும் இருக்கிறார்கள். எனவே பெரும்பான்மை கருதியே அவ்வாறு கூறப்பட்டது என்றார். கருஞ்சீரக எண்ணெய் பூசித் தோல் வெந்துபோன நிகழ்வுகள் இன்றைய மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அவற்றைப் படிக்கும் முஸ்லிம் தம் நம்பிக்கைக்கு ஊறு நேர்ந்ததாகக் கலங்க வேண்டியதில்லை. இப்னுல் அரபீ இதற்கு முன்பே பதில் எழுதி வைத்திருக்கிறார்.

ஒவ்வாமைக்கு இன்று உலகம் வழங்கும் ‘அலர்ஜி’ என்ற சொல்லை வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே 1906இல் உருவாக்கினார். அதன்பின் நேர்ந்த கண்டுபிடிப்புகளை இங்கே அடுக்கப் போவதில்லை. தோலையும் உணவையும் இணைத்த ஒன்றை மட்டும் சொல்வோம். உணவு ஒவ்வாமை வயிற்றில்தான் தொடங்குகிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. வேர்க்கடலை எண்ணெய் சேர்ந்த களிம்புகளைப் பூசிய குழந்தைகளிடம் வேர்க்கடலை ஒவ்வாமை மிகுந்திருப்பதை கிடியோன் லாக் குழுவினர் 2003இல் காட்டினர். தோலின் அரணாக நிற்கும் ஃபிலாக்ரின் என்னும் புரதத்தின் மரபணுக் குறைபாடு அழற்சிக்கு வழிவகுப்பது 2006இல் தெரியவந்தது. ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்திய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கோதுமை ஒவ்வாமைக்கு ஆளாயினர். 2011இல் அது திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முன் ரொட்டியைத் தடையின்றி உண்டு வந்தவர்களும் அவர்களில் இருந்தனர். பாலும் பாதாமும் ஓட்ஸும் கலந்த களிம்பு உண்ணத்தக்கது, ஆகவே தீங்கற்றது என்னும் வாதம் இங்கே உடைகிறது. வெடித்த தோலில் உணவுப் பொருளைப் பூசுவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

உணவால் குணப்படுத்த முடிந்தால் மருந்தை நாடாதே, தனிமருந்தால் முடிந்தால் கூட்டுமருந்தை நாடாதே என்பது ராஸீயின் பெயரால் வழங்கும் அறிவுரை. இன்று கடையில் நிற்கும் ஒரு குப்பியின் பின்புறத்தைப் படித்தால் முப்பது பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் எது கடித்தது என்று எப்படிக் கண்டறிவது? நான்கைந்து பொருள்களே உள்ள களிம்பு, அல்லது வெறும் பெட்ரோலியம் ஜெல்லி, இத்தகைய உடலுக்கு ஏற்றதாக இருப்பதன் காரணம் இதுவே. மணமற்றது என்று அச்சிட்ட டப்பாவிலும் மூலப்பொருளின் வாடையை மறைக்க நறுமணம் சேர்த்திருக்கலாம். நறுமணம் சேர்க்கப்படாதது என்பது வேறு. இயற்கையானது என்ற சொல்லும் காப்பளிக்காது. ரோஜா எண்ணெயில் இயல்பாகவே உள்ள ஜெரானியால், சிட்ரோனெல்லால் ஆகிய இரண்டும் ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் அறிவித்த, உறையில் பெயர் குறிக்கப்பட வேண்டிய 26 நறுமணப் பொருள்களின் பட்டியலில் உள்ளன. அபூ ஸைத் அல்-பல்கீயின் ரோஜா வேறு வழியாக மருத்துவ ஏட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

இதற்கு எதிர்ப்புறத்திலும் ஒரு பள்ளம் உண்டு. அச்சத்தில் ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் சோறும் உப்பும் மட்டுமே மிஞ்சிய குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். ஐஜிஜி என்னும் எதிர்ப்பொருளை இரத்தத்தில் அளந்து நூறு உணவுகளைத் தடைசெய்யும் பரிசோதனைகள் விற்கப்படுகின்றன. அந்த அளவு உணவு உண்டதற்கு அடையாளமேயன்றி ஒவ்வாமைக்குச் சான்றன்று என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் கழகம் 2008இலேயே அறிவித்துவிட்டது.

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்டார்கள், இல்லையேல் விட்டுவிட்டார்கள். பொரித்த உடும்பு முன்வைக்கப்பட்டபோது, தம் சமூகத்தார் மண்ணில் அது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்று கையை எடுத்துக்கொண்டார்கள்; காலித் இப்னு வலீத் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். அது ஒவ்வாமையன்று, விருப்பமின்மைதான். வெறும் விருப்பமின்மைக்கே அந்த விரிப்பில் இடம் இருந்தது. யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. முதலில் சொன்ன மூத்தவருக்கு இதைத்தான் நினைவூட்ட விரும்புகிறோம்.

மருதாணியைப் பற்றி ஒரு சொல். இலையை அரைத்து வைத்தால் செம்மஞ்சளாகத் தொடங்கிச் செம்பழுப்பாகப் பிடிக்கும். அதற்குச் சில மணி நேரமாகும். கண்மூடித் திறப்பதற்குள் கறுப்பாகப் பிடிக்கும் ‘கறுப்பு மருதாணி’யில் சேர்க்கப்படுவது தலைச்சாயத்தில் உள்ள பிபிடி என்னும் வேதிப்பொருள். பெருநாள் இரவில் அதை வைத்துக்கொண்ட சிறுமியின் கையில் கொப்புளம் எழுந்தால், அது ஆறிவிடும். ஆனால் உடல் அதை மறப்பதில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து முதல் நரைக்குச் சாயம் பூசும் நாளில் முகமே வீங்கக்கூடும்.