செக்ரோல் அறியாத குறைபாடு

மலையகத் தோட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் கூலி, குடியுரிமை, லயன் வாழ்க்கை ஆகியவற்றை விரிவாகப் பேசுவர். ‘சோம்பேறி’ என்ற சொல்லுக்கும் அங்கே ஒரு வரலாறு உண்டு. கவனம் நிலைக்காத மனிதரைத் தோட்டம் எப்பெயரால் அழைத்தது, மருத்துவம் எப்பெயரால் அழைத்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தால் அந்த வரலாறு புலப்படும்.

கோப்பிக் காலத்தில், 1865இல், இலங்கையின் குடியேற்ற அரசு தொழிலாளர் சட்டமொன்றை இயற்றியது. அதன்படி உரிய நேரத்தில் வேலைக்கு வராமை, கீழ்ப்படியாமை, கடமையில் பெரும் அசட்டை ஆகியன சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாயின. இரண்டு ஆண்டுகளின் பின் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டப் பயிராக்கினார். பயிர் மாறியபோதும் சட்டம் மாறவில்லை. அதன் தண்டனைப் பிரிவுகள் 1920களின் தொடக்கத்திலேயே நீக்கப்பட்டன. அரை நூற்றாண்டுக்கும் மேலாக, மறதியும் அசட்டையும் நீதிமன்ற விவகாரமாகவே இருந்தன.

அன்றாட வாழ்வில் நீதிபதியின் வேலையைச் செக்ரோல் செய்தது. விடியுமுன் தப்பு முழங்கும். பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவர். கங்காணி மலைக்கு அனுப்புவார். மாலையில் கொழுந்து நிறுக்கப்படும். குறித்த நிறை இல்லையேல் ‘அரைப்பேர்’, அதாவது பாதிச் சம்பளம். ஒருவருக்கு முழுப்பேரா அரைப்பேரா என்பதைச் செக்ரோல் காட்டும். ஏன் அரைப்பேர் என்று எழுத அதில் இடமில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய நிகழ்வை நினைவூட்ட வேண்டும். தோட்டத் தொழிலாளர் சோர்ந்து நிற்பதைக் கண்ட துரைமார் பலர் அதனை இயல்பான சோம்பல் என்றே கருதினர். 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும் அந்தப் புழு குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. இரத்தசோகை வந்தவன் தளர்ந்து போகிறான். சோம்பல் எனப்பட்டதில் ஒரு பகுதி நோய் என்பது தெளிவாயிற்று. குணக்குறை என்று ஒதுக்கப்பட்ட ஒன்றுக்கு உடலில் காரணம் காணப்பட்டது.

கவனக்குறைபாட்டின் வரலாறும் இதனை ஒத்ததே. ஸ்கொட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரிக்டன் 1798இல் வெளியிட்ட நூலில், பிறவியிலேயே எதிலும் கவனத்தை நிறுத்த இயலாதவர்களைப் பற்றி எழுதினார். வயது ஏற ஏற இது குறையும் என்றும் கருதினார். 1902இல் லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் இத்தகைய குழந்தைகளைப் பற்றி விரிவுரை ஆற்றியபோது, இதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே விளக்கினார். துரையின் கருத்துக்கும் மருத்துவரின் கருத்துக்கும் அன்று பெரிய இடைவெளி இருக்கவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1980இல்தான் ‘கவனக்குறைபாடு’ என்ற பெயரைச் சூட்டியது. 2013இல் வெளியான பதிப்பு, வயது வந்தோருக்குத் தேவையான அறிகுறிகளின் எண்ணிக்கையை 6இலிருந்து 5 ஆகக் குறைத்தது. உலகில் வயது வந்தோரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடம் இக்குறைபாடு உண்டு என்பது ஆய்வாளர் மதிப்பீடு. தோட்டங்கள் மட்டும் இதற்கு விலக்காக இருந்திருக்க முடியாது.

பெரியவர்களிடம் இது எவ்வாறு தோன்றும்? குழந்தையைப் போல் அவர்கள் ஓடித் திரிவதில்லை; ஓட்டம் உள்ளே நிகழ்கிறது. தொடங்கிய வேலை பாதியில் நிற்கும். கத்தியை வைத்த இடம் மறக்கும். பேசுபவர் முடிக்குமுன் பதில் வந்துவிடும். நேரம் போவது தெரியாது. கடன் தவணையும் கிளினிக் திகதியும் தவறும். ஆயினும் மனத்துக்குப் பிடித்த வேலையில் மணிக்கணக்கில் மூழ்கிவிடுவார். ஹற்றன், தலவாக்கலைப் பக்கத் தோட்டங்களில் முதியவர்கள் இத்தகையோரைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன்: “நல்ல வேலைக்காரன்தாங்க, ஆனா ஒரு நெலையில நிக்கமாட்டான்.” பெண்களிடம் துடிப்பைவிட நினைவு அலைதலே பெரும்பாலும் மிகுந்திருப்பதால் அவர்கள் இன்னும் எளிதில் கண்ணுக்குத் தப்புகின்றனர். கொழுந்தெடுப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள் என்பதை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. கொடுமையானதாயினும், தப்பும் கங்காணியின் அதட்டலும் தொழிலாளிக்காக நேரத்தை நினைவில் வைத்திருந்தன. வெளியிலிருந்து வரும் ஒழுங்கு இக்குறைபாட்டை மறைக்கக்கூடும் என்பர் மருத்துவர். இன்று தோட்டத்து இளைஞர் கொழும்பின் கடைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் செல்கின்றனர். அங்கே எழுப்புவாரும் இல்லை, நினைவூட்டுவாரும் இல்லை. ஆறு மாதத்தில் நான்கு வேலை மாறியவன் ஊர் திரும்பினால் ‘உருப்படாதவன்’ என்ற பெயர் காத்திருக்கிறது. நாளடைவில் அவனும் அதை நம்பிவிடுகிறான்.

எனினும் மறதிக்காரர் அனைவருக்கும் இந்தப் பெயரைச் சூட்டுவது பெரும் பிழை. இரத்தசோகை, தைரோயிட் கோளாறு, உறக்கமின்மை, மனச்சோர்வு, மது ஆகியனவும் கவனத்தைச் சிதைக்கும். பத்தடி அறையில் ஒரு குடும்பமே உறங்கும்போது நல்ல உறக்கம் எங்கிருந்து வரும்? ஆகவே மருத்துவர் முதலில் மூன்றைக் கேட்பார்: 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா? வீடு, வேலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிகின்றனவா? வாழ்க்கையை உண்மையாகவே பாதிக்கின்றனவா? பாடசாலை அறிக்கையும் தாயின் நினைவும் இங்கே சான்றுகளாகும். இக்குறைபாடு பெரிதும் பரம்பரை வழி வருவதால், பிள்ளையைக் காட்ட வந்த தந்தை தன்னையும் அடையாளம் காண்பது உலகெங்கும் நிகழ்கிறது. உறுதியானால் மருந்தும் உளவியல் பயிற்சியும் உண்டு. பெரும்பாலோருக்குப் பயன் கிடைக்கிறது. ஆனால் நோயாளியும் மருத்துவரும் ஒரே மொழியில் பேச வேண்டும். மனத்தின் அலைச்சலை மொழிபெயர்ப்பாளர் வழியே சொல்வது கடினம்.

இறந்தவர்களுக்கு நோய்ப் பெயர் சூட்ட வரலாற்றாசிரியனுக்கு உரிமை இல்லை. பழைய செக்ரோல்களில் அரைப்பேர் பெற்றவர்களுள் எத்தனை பேர் இக்குறைபாடு உடையவர் என்று எவராலும் சொல்ல இயலாது. உயிரோடிருப்பவர்களின் நிலை வேறு. ‘சோம்பேறி’ என்ற சொல் கொக்கிப்புழுவின் காலத்திலேயே ஒருமுறை பொய்த்துவிட்டது. அச்சொல்லை இன்னொருவர் மீது வீசுமுன் அவரை ஒருமுறை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதே நாம் அந்த வரலாற்றிலிருந்து கற்க வேண்டிய பாடம்.