"க்ராகி"யா இருக்கா? அது சரக்குல பிறந்த வார்த்தை!

நைட் டூட்டி முடிச்ச டாக்டரைக் கேளுங்க, "க்ராகியா இருக்கு" என்பார். அசதி, தூக்கக் கலக்கம்.

ஆனா இந்த வார்த்தை பிறந்தது ரம்மில்!

வருடம் 1740. பிரிட்டிஷ் கடற்படையில் மாலுமிக்கு தினமும் அரை பைண்ட் ரம் ரேஷன், ஏறக்குறைய கால் லிட்டர். ராவா அடிச்சிட்டு பாய்மரம் ஏறினா என்ன ஆகும்?

தளபதி எட்வர்ட் வெர்னான் உத்தரவு போட்டார்: நாலு மடங்கு தண்ணி கலந்து, ரெண்டு வேளையா கொடுங்க. அவர் போடுவது க்ரோக்ரம் துணி மேலங்கி. பட்டப்பெயர் 'ஓல்ட் க்ராக்'. கலப்பு ரம்முக்கும் அதே பெயர். குடிச்சுத் தள்ளாடுபவன் 'க்ராகி'. பிறகு குத்துச்சண்டையில் அடிவாங்கித் தள்ளாடுபவரும், கடைசியில் தூங்காத நாமும்!

(அந்த ரேஷன் நின்றது 1970 ஜூலை 31ல் தான்.)

நம்ம 'மப்பு'ம் அப்படித்தான். முதலில் வானத்து மேகமூட்டம், அப்புறம் தலைக்குள்.

போதைக்கும் சோர்வுக்கும் ஒரே வார்த்தை. கேஷுவால்டியில் இதுதான் ஆபத்து. வாடை வந்தாலும் "மட்டை" என்று படுக்க விட்டுடாதீங்க. தலைக்காயமா இருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம்.

"ஃபுல் மப்பு சார்" என்று ஒருவரைத் தூக்கிட்டு வந்தாங்க. வெறும் வயிற்றில் குடிச்சிருக்கார். சுகர் 38. டெக்ஸ்ட்ரோஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் கண் திறந்து கேட்டார்:

"சார், என் செருப்பு எங்க?"