சாவா மூவாப் பேராடு

சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுகளைப் படிப்போர் ‘சாவா மூவாப் பேராடு’ என்னும் தொடரைப் பல ஊர்களிற் காண்பர். சாகாத, மூப்படையாத ஆடு எங்கே உண்டு? உயர்வு நவிற்சி என்று மாணவருக்குச் சொல்லிவிடுதல் எளிது. ஆனால் இஃது அணியன்று, கணக்கு.

கோயிலில் நந்தா விளக்கொன்று இரவும் பகலும் எரிதல் வேண்டும். அதற்காகக் கொடுக்கப்பட்ட ஆடுகள் இடையரிடம் ஒப்புவிக்கப்பட்டன. இராசராசன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் விளக்கொன்றுக்கு ஆடு 96, பசுவாயின் 48, எருமையாயின் 16. இடையர் நாள்தோறும் அளக்க வேண்டியது ஒரு உழக்கு நெய். வேறு பல ஊர்களில் ஆடு 90 என்றே காணப்படுகிறது. தஞ்சைக் கணக்கின்படி ஒரு பசுவுக்கு ஈடு 2 ஆடு, ஓர் எருமைக்கு ஈடு 6 ஆடு. தொண்ணூற்றாறு ஆடும் ஒரே காலத்திற் கறவா. சினையாடும் வறண்ட ஆடும் என்றும் மந்தையில் இருக்கும். அவற்றையும் எண்ணியே நாளுக்கு உழக்கு என வரையறுத்தனர் போலும்.

செத்ததற்கும் கிழடானதற்கும் ஈடாக மந்தையிற் பிறந்த குட்டியை நிறுத்தி, தொகை குறையாமற் காப்பது இடையர் கடமை. ஆடு சாகும், 96 சாகாது. பஞ்சமும் நோயும் வந்தால் இழப்பு இடையருக்கே. மிஞ்சிய குட்டியும் கிடை எருவும் மயிரும் அவருக்கு ஊதியமாய் நின்றன என்று கொள்ளலாம். விளக்குக் கல்வெட்டு கேட்பது நெய்யையே.

ஆயினும் அது காத்தது தொகையை மட்டுமே, இனத்தையன்று. செத்த செம்மறிக்கு எந்தச் செம்மறியை நிறுத்தினாலும் கணக்குச் சரியாகும். இனத்தைப் பேணியவர் வேறு நோக்குடையோர். கம்பளி நெய்த குறும்பருக்கு மயிர் நீளும் ஆடே வேண்டும். கோவைக் குறும்பாடும் திருச்சிக் கறுப்பாடும் அவ்வகையின. மயிர் முரடு, ஆனால் போர்வைக்கு ஏற்றது. மதுரைப் பக்கத்துக் கச்சைக்கட்டிக் கறுப்பாடு கிடாய் முட்டுக்குப் பேர்போனது. போரிடும் தகர் பின்வாங்குவதைத் திருக்குறள் உவமையாக்கியிருப்பது ஆசிரியர் அறிந்ததே. முட்டுக்கிடாய் வளர்ப்பவன் தலையெண்ணிக்கையைப் பாரான். எந்தக் கிடாயின் வழி வந்தது என்பதைப் பார்ப்பான்.

நீலகிரி ஆட்டின் வரலாறு இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கோவை ஆட்டுடன் டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய சீமை இனங்கள் கலந்து, மென்மயிருடைய இவ்வினம் உருவாயிற்று. அன்று கலப்பாடு, இன்று காக்கப்பட வேண்டிய பழைய இனம்! மலைப் புல்வெளிகள் தேயிலைக்கும் யூகலிப்டஸ், வாட்டில் மரங்களுக்கும் போயின. கம்பளியை விட இறைச்சிக்கே விலை ஏறியது. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவிலுள்ள அரசு ஆராய்ச்சி நிலையத்தில் மீண்டும் மெரினோ, ராம்புயே கிடாய்களைச் சேர்த்துச் ‘சாண்டினோ’ என்ற இனத்தைத் தோற்றுவித்தனர். அதே நிலையத்தில் தூய நீலகிரி மந்தையொன்றையும் பேணினர். இங்கே காக்கப்பட்டது எண்ணன்று; வழி.

சுங்கை காடுட் தோட்டப்புறத்து மாணவன் ஆடு என்றதும் வெள்ளாட்டையே நினைப்பான். அது மரப்பட்டையைக் கடிக்குமாதலால் ரப்பருக்குப் பகை. செம்மறியோ புல்லையும் களையையும் மேய்ந்து, களையெடுக்கும் செலவைக் குறைக்கும். 1970-களில் மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இதனை ஆராயத் தொடங்கியது. ‘மலின்’ எனப்படும் இந்நாட்டுச் சிறு செம்மறியோடு டார்செட் ஹார்ன் கிடாய்களைச் சேர்த்து உடலைப் பெருக்க முயன்றனர். நோக்கம் இறைச்சி. இவ்வெப்பத்தில் அடர்ந்த மயிர் ஆட்டுக்குச் சுமை. கத்தரித்த மயிரை நெய்வதற்கோ தோட்டத்திற் குறும்பர் இல்லை.