கையில் கொடுத்த எண்பது டாலர்

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. எங்கள் வீட்டைச் சுத்தம் செய்ய வருபவர் வேலை முடிந்தும் கிளம்பாமல் சமையலறையிலேயே நின்றார். அப்புறம் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்ல முடியுமா?" என்றார். அவருக்கு 63 வயது. ஈக்வடாரிலிருந்து வந்து, கிரீன் கார்டு வாங்கி, இருபது வருஷத்துக்கும் மேலாக நியூ ஜெர்சியில் வீடு வீடாகத் துடைத்துப் பெருக்குகிறார். காகிதம் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தின் அறிக்கை.

தெரியாதவர்களுக்கு: நம்மூர் பி.எஃப்.-இல் பென்ஷன் பகுதி இருக்கிறதே, கிட்டத்தட்ட அதுதான் இது. முதுமையில் பென்ஷன் வேண்டுமென்றால் 40 'கிரெடிட்' சேர்ந்திருக்க வேண்டும். வருஷத்துக்கு அதிகபட்சம் 4. அதாவது குறைந்தது பத்து வருஷ வேலை, கணக்கில் ஏறியிருக்க வேண்டும். இவருக்கு 22 இருந்தது. அதுவும் ஆரம்ப காலத்தில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தபோது சேர்ந்தது. வீடு துடைத்த வருஷங்கள் எல்லாவற்றிலும் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

அந்தப் பூஜ்யங்களில் நான்கைந்து என்னுடையவை. 2021-லிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 80 டாலர், கையில் ரொக்கம். வருஷத்துக்கு 2,080. கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவைச் சம்பளம் கூடுதலாகக் கொடுத்தாலும் 2,160.

அன்றைக்கு ராத்திரி குற்றவுணர்ச்சியோடு வருமான வரித்துறையின் விதிகளைத் தேடிப் படித்தேன். படித்ததும் கிடைத்தது நிம்மதி இல்லை, வேறொன்று. சட்டப்படி நான் ஒரு தப்பும் செய்யவில்லை. வீட்டு வேலை செய்பவருக்கு ஒரு வீட்டுக்காரர் ஒரு வருஷத்தில் கொடுக்கும் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் சோஷியல் செக்யூரிட்டி வரி உண்டு. 2021-ல் அந்த வரம்பு 2,300 டாலர். 2025-ல் 2,800. நான் எப்போதுமே வரம்புக்குக் கீழே. சரி, அவர் போகும் மற்ற வீடுகள்? ஏறக்குறைய எல்லாமே என்னைப் போலத்தான். பதினைந்து வீட்டில் தலா 2,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 30,000. வரம்பு ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி என்பதால், அந்த முப்பதாயிரமும் பென்ஷன் கணக்கில் ஏறாமலே போகும்.

இப்படி ஒரு விதியை யார், எப்போது, எதற்காகப் போட்டார்கள்? அதைத் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

கதை 1935-ல் தொடங்குகிறது. ரூஸ்வெல்ட் அரசின் சோஷியல் செக்யூரிட்டி சட்டம். தொழிலாளர் துறைச் செயலர் பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் தலைமையிலான குழு தயாரித்த திட்டத்தில் வீட்டு வேலை செய்பவர்களும் விவசாயக் கூலிகளும் இருந்தார்கள். சட்டமாக வெளிவந்தபோது இரண்டு பேரும் இல்லை. மசோதா விவாதத்தில் இருந்தபோதே, என்.ஏ.ஏ.சி.பி. சார்பில் செனட் நிதிக்குழு முன் போன வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டன், இது கறுப்பினத்தவரில் பெரும்பாலோர் விழுகிற அளவுக்கு ஓட்டை போட்ட சல்லடை மாதிரி இருக்கிறது என்று சொன்னார். அவர் சொன்னதில் மிகையில்லை. அன்றைய கறுப்பினத் தொழிலாளரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள்.

ஏன் விட்டார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். தென் மாநில அரசியல்வாதிகளின் இனவெறிதான் காரணம் என்பது ஒரு கட்சி. இல்லை, விலக்கச் சொன்னது நிதித்துறைச் செயலர் மார்கெந்தாவ், லட்சக்கணக்கான வீடுகளில் போய் வரி வசூலிக்க முடியாது என்பதுதான் அவர் கவலை என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டும் எதிரெதிராகத் தெரியவில்லை. வசூலிப்பது கஷ்டம் என்று ஒருவர் சொல்ல, அதைக் கேட்டு மற்றவர்கள் சந்தோஷமாகத் தலையாட்டியிருக்கலாம்.

அதே 1935 நவம்பரில் 'தி கிரைசிஸ்' இதழில் எல்லா பேக்கரும் மார்வெல் குக்கும் ஒரு கட்டுரை எழுதினார்கள். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் காலையில் கறுப்பினப் பெண்கள் காகிதப் பையில் வேலை உடுப்பை வைத்துக்கொண்டு தெருமுனையில் நிற்பார்கள். வீட்டுக்காரம்மாக்கள் வந்து ஆளைப் பார்த்து, பேரம் பேசிக் கூட்டிப்போவார்கள். மணிக்கு 15 சென்ட், 20 சென்ட், கிடைத்தால் 30. நம்மூரில் சித்தாள்கள் காலையில் நிற்கும் இடங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. இந்தப் பெண்களுக்குத்தான் பென்ஷன் கிடையாது என்று சட்டம் சொன்னது.

1950-ல் சட்டம் திருத்தப்பட்டு, 1951 ஜனவரியிலிருந்து வீட்டு வேலை செய்பவர்களும் உள்ளே வந்தார்கள். மூன்று மாதத்தில் ஒரே வீட்டில் 24 நாளாவது வேலை, 50 டாலராவது ரொக்கச் சம்பளம் இருக்க வேண்டும். வரி வீட்டுக்காரரிடம் ஒன்றரை சதவீதம், வேலை செய்பவரிடம் ஒன்றரை சதவீதம். 50 டாலருக்கு ஆளுக்கு 75 சென்ட். 1954-ல் 24 நாள் நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். 50 டாலர் மட்டும் நின்றது.

இந்த 75 சென்ட்டுக்கு ஒரு கலகமே நடந்தது. டெக்சாஸ் மாநிலம் மார்ஷல் என்ற ஊரில் வீட்டுக்காரப் பெண்கள் சிலர், எங்களைச் சம்பளமில்லாத வரி வசூல் குமாஸ்தாக்களாக ஆக்க அரசுக்கு உரிமையில்லை என்று கட்ட மறுத்தார்கள். அரசு அவர்கள் வங்கிக் கணக்கிலிருந்தே பணத்தை எடுத்துக்கொண்டது. வழக்குப் போட்டார்கள். 1953-ல் அப்னி எதிர் கேம்ப்பெல் என்ற வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது.

சட்டம் ஜெயித்ததோடு சரி. அடுத்த நாற்பது வருஷம் பெரும்பாலான வீடுகள் படிவத்தைத் தொடவே இல்லை. எல்லாப் பழியையும் வீட்டுக்காரர்கள் மேல் போட்டுவிட முடியாது. வேலை செய்பவர்களிலும் நிறையப் பேர் ரொக்கத்தைத்தான் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். இந்த வாரம் வாடகை கட்ட வேண்டியவருக்கு முப்பது வருஷம் கழித்து வரும் பென்ஷன் எங்கே கண்ணுக்குத் தெரியும்? ஆனால் சோஷியல் செக்யூரிட்டியின் கணக்குமுறை குறைந்த சம்பளக்காரர் பக்கம் சாய்ந்தது. சராசரி மாதச் சம்பளத்தின் முதல் அடுக்குக்கு 90 சதவீதம் வரை பென்ஷனாகத் திரும்பும். அதற்கு மேல் போகப் போகத்தான் விகிதம் குறையும். ஆக, ரொக்கத்தால் அதிகம் இழப்பவர் யாருக்கு மிகக் குறைந்த சம்பளமோ அவர்தான். இதை அவரிடம் யாரும் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

1993 ஜனவரியில் விஷயம் வெடித்தது. கிளின்டன் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு நியமித்த ஸோயி பேர்ட், அனுமதி இல்லாமல் நாட்டில் இருந்த ஒரு பெரு நாட்டுத் தம்பதியை வீட்டு வேலைக்கு வைத்திருந்தார், அவர்களுக்கான வரியையும் உரிய நேரத்தில் கட்டவில்லை என்று தெரியவந்தது. 22-ஆம் தேதி விலகிக்கொண்டார். அடுத்துப் பேச்சில் இருந்த நீதிபதி கிம்பா வுட் பிப்ரவரி 5-ல் விலகினார். அவர் வரியெல்லாம் ஒழுங்காகக் கட்டியவர். அவர் வேலைக்கு வைத்த காலத்தில் அனுமதி இல்லாதவரை வைப்பது சட்டவிரோதமும் இல்லை. இருந்தும் அந்தப் பரபரப்பில் தப்ப முடியவில்லை. கடைசியில் பதவிக்கு வந்தவர் கல்யாணமாகாத, குழந்தை இல்லாத ஜேனட் ரீனோ. இதே நாட்களில் வர்த்தகச் செயலர் ரான் பிரவுன், தன் வீட்டைச் சுத்தம் செய்தவருக்குச் சோஷியல் செக்யூரிட்டி கட்டவில்லை என்று ஒப்புக்கொண்டார். அவர் பதவி போகவில்லை. ஆண் என்பதாலா என்று அப்போதே பலர் கேட்டார்கள்.

வாஷிங்டன் நடுங்கியதற்குக் காரணம், பதவி ஆசை உள்ள யார் வீட்டைத் தோண்டினாலும் இது கிடைக்கும் என்பதுதான். 1951-ல் போட்ட 50 டாலர் வரம்பு 1993-லும் அதே 50. விலைவாசி எங்கேயோ போய்விட்டது. சனிக்கிழமை சினிமாவுக்குப் போக, குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சில தடவை கூப்பிட்டாலே மூன்று மாதத்தில் 50 டாலர் தாண்டிவிடும். சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது உண்மைதான்.

1994 அக்டோபர் 22-ல் கிளின்டன் கையெழுத்திட்ட திருத்தம் அந்த வேலையைச் செய்தது. செனட்டில் இதை முன்னெடுத்தவர் மொய்னிஹன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை படிவம் என்பது போய், வருஷத்துக்கு ஒருமுறை வருமான வரிப் படிவத்தோடு ஷெட்யூல் எச். அருமையான ஏற்பாடு, சந்தேகமில்லை. கூடவே வரம்பு மூன்று மாதத்துக்கு 50 என்பதிலிருந்து வருஷத்துக்கு 1,000 ஆனது. அதன் பிறகு நாட்டின் சராசரிச் சம்பளத்தோடு சேர்ந்து தானாக ஏறும்படியும் செய்துவிட்டார்கள். அப்படி ஏறி ஏறித்தான் 2025-ல் 2,800.

திருத்தம் யாருடைய சிக்கலைத் தீர்த்தது என்று பாருங்கள். ஒரே வீட்டில் முழுநேரம் குழந்தை பார்ப்பவருக்குப் பாதகமில்லை. வாரத்துக்கு ஏழெட்டு வீடு துடைப்பவர்தான் விழுந்தார். பழைய சட்டத்தில் என் 80 டாலர் முதல் தடவையிலேயே வரம்பைத் தாண்டியிருக்கும். நான் கட்டாமல் ஏமாற்றியிருக்கலாம், ஆனால் அது ஏமாற்றாக இருந்திருக்கும், அவர் புகார் செய்யவும் வழி இருந்திருக்கும். இப்போது ஏமாற்றே இல்லை. என் பங்கு வரி எவ்வளவு தெரியுமா? 7.65 சதவீதம், அதாவது வருஷத்துக்கு 159 டாலர். அவர் இரண்டு தடவை வந்தால் கொடுப்பதைவிடக் குறைவு.

என் அம்மா வந்திருந்தபோது இதையெல்லாம் சொன்னேன். "வேலைக்கு வர்றவங்களுக்குப் பென்ஷனா? நீ வாங்குற சம்பளத்துல கூடக் கொஞ்சம் குடுத்துட்டுப் போயேன்" என்றார். நானும் முதலில் அப்படித்தான் யோசித்தேன். பத்து டாலர் கூட்டிக் கொடுத்தால் கிரெடிட் ஏறாது என்பதை அம்மாவுக்குப் புரியவைக்க முடியவில்லை.

வரி பார்க்கும் ஒரு நண்பரிடம் அவரைக் கூட்டிப்போனேன். ஒரு வழி இருந்தது. என் வாக்குவம் கிளீனரை வைத்து, என் நேரத்துக்கு, நான் சொல்கிறபடி வேலை செய்தால் அவர் என் பணியாள். தன் சாமான்களோடு, தன் நேரத்தில், தன் முறைப்படி, பல வீடுகளுக்குச் செய்தால் அது அவருடைய சொந்தத் தொழில். சொந்தத் தொழில் என்றால் வீட்டுக்கு வீடு வரம்பு கிடையாது. மொத்த லாபமும் கணக்கில் ஏறும், வருஷத்துக்கு 4 கிரெடிட் கிடைத்துவிடும். ஆனால் வரி முழுக்க அவர் தலையில்: இரண்டு பங்கும் சேர்த்து 15.3 சதவீதம். பாக்கி 18 கிரெடிட்டுக்கு நாலரை வருஷம்.

அவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "அறுபத்தெட்டு ஆயிடும்" என்றார்.

ஜனவரியில் சொந்த வாக்குவம் கிளீனரைக் காரிலிருந்து இறக்கி, மாடிப்படியில் தூக்கிக்கொண்டு வந்தார். வாங்கிக்கொள்ள கை நீட்டினேன், கொடுக்கவில்லை. இனிமேல் 95 டாலர் என்றார். செக் எழுதிக் கொடுத்தேன்.