சுடரும் சுமையும்: செடி வளர்க்கும் விளக்கின் வரலாறு

கப்பற்றுறைகளின் வரலாறு பெரும்பாலும் கோட்டைகளையும் பீரங்கிகளையும் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. திருகோணமலையும் இதற்கு விலக்கன்று. 1782ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரன் இத்துறையைக் கைப்பற்றியதும், அவ்வாண்டு செத்தெம்பர் 3ஆம் நாள் துறைக்கு வெளியே ஆங்கிலேயருடன் பொருதியதும், 1795இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து இதனைக் கவர்ந்ததும், 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டதும் பலரும் அறிந்த செய்திகளே. ஆயினும், துறைமுகங்கள் உலகுக்கு வழங்கியவை போர்க்கதைகள் மட்டுமல்ல. கப்பலோட்டிகளின் வழக்கிலிருந்த சொற்களும் கருத்துகளும் கரையேறிப் பிற தொழில்களிற் புகுந்து வாழ்வதுண்டு. அத்தகைய சொற்களுள் ஒன்று 'பாலஸ்ற்' என்பது.

திருகோணமலையின் பெயர் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று 1817இல் பம்பாயிலே தேக்கு மரத்தாற் கட்டப்பெற்றது. இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரில் அது இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. அக்காலப் பாய்க்கப்பல்களின் அடிவயிற்றில் இரும்புக் கட்டிகளையும் கற்களையும் அடுக்கி வைப்பர். இவ்வடிப்பாரம் கப்பலை முன்செலுத்துவதன்று. செலுத்துகின்ற காற்றே கப்பலைக் கவிழ்த்துவிடாமற் காப்பது. பாரம் குறைந்தால் கப்பல் சாயும். மிகுந்தால் நீரில் ஆழ்ந்து வேகமிழக்கும். எனவே, கப்பலுக்கேற்ற பாரத்தைத் தேர்வது மாலுமிக்கு இன்றியமையாத கலையாயிற்று. மின்னொளித் தொழிலாளர் பின்னர் இச்சொல்லையே கடன்கொண்டு, விளக்கினுள் ஓடும் மின்னோட்டத்தை அடக்கி நிறுத்தும் உறுப்புக்குப் பெயராக்கினர். எம்மவர் வழக்கில் அது 'சோக்' எனப்படும்.

விளக்குக்கு இத்தகைய சுமை ஏன் வேண்டும்? இரு கரிக்கோல்களுக்கிடையே மின்பொறி பாய்ந்து எரியும் வில் விளக்கே மின்விளக்குகளுள் முந்தியது. போர்க்கப்பல்களின் தேடொளியாகவும் அதுவே விளங்கிற்று. அதன் இயல்பு விந்தையானது. சாதாரணக் கம்பியில் மின்னோட்டம் பெருகினால் அதற்கேற்ப மின்னழுத்தமும் உயர்தல் வேண்டும்; வில் விளக்கிலோ மின்னோட்டம் பெருகப் பெருக மின்னழுத்தம் தாழ்கின்றது. இவ்வுறவை நுணுகி ஆராய்ந்து 1902இல் பெருநூலாக வெளியிட்டவர் ஹேர்த்தா அயற்றன் என்னும் அம்மையார். பிரித்தானிய மின்பொறியியலாளர் நிறுவனத்தில் 1899இல் உறுப்புரிமை பெற்ற முதற் பெண்மணியும் அவரே. கட்டுப்பாடின்றி விடப்பட்ட மின்வில் மேலும் மேலும் மின்னோட்டத்தை இழுத்துத் தன்னையும் தன் இணைப்பையும் எரித்துவிடும். ஆதலால், அதனோடு தொடராக ஒரு தடையையோ, ஆடலோட்டமாயின் ஒரு தூண்டற் சுருளையோ இணைப்பது கட்டாயமாயிற்று.

இவ்வில் விளக்கைச் செடிகளுக்கு ஒளியூட்டப் பயன்படுத்திப் புகழ்பெற்றவர், கடலடித் தந்திக் கம்பிகளும் மின்பிறப்பாக்கிகளும் செய்த சீமென்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த வில்லியம் சீமென்ஸ். இங்கிலாந்தின் தன்பிரிட்ஜ் வெல்ஸ் நகருக்கு அண்மையிலிருந்த தம் இல்லத்தில் அவர் கடுகு, கரற், அவரை, வெள்ளரி முதலியவற்றை நான்கு கூறாகப் பிரித்து, இருளிலும், மின்னொளியில் மட்டும், பகலொளியில் மட்டும், இரண்டிலும் என வளர்த்தார். ஈரொளியும் பெற்றவையே ஏனையவற்றை விஞ்சின என 1880இல் அரச கழகத்திற்கு அறிவித்தார். ஆயினும், மூடியில்லாத சுடரின் ஊதாக்கடந்த ஒளி இலைகளைக் கருக்கிற்று. இடையே ஒரு கண்ணாடியை வைத்ததும் அத்தீங்கு தணிந்தது. அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் லிபேட்டி ஹைட் பெய்லி 1890களில் செய்த சோதனைகளும் இவ்விரு முடிவுகளையும் வலியுறுத்தின. ஒளி இருந்தாற் போதாது, செடிக்குப் பொருந்திய ஒளி வேண்டும் என்னும் பாடம் தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது.

இடையே வந்த இழை மின்குமிழுக்குச் சோக் தேவைப்படவில்லை. சூடேறச் சூடேறத் தங்குதன் இழையின் தடை உயர்வதால் அது தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும். ஆனால், அது பெற்ற மின்சக்தியிற் பெரும்பங்கை வெப்பமாக்கிவிடும். எனினும் அறிவியலுக்கு அது ஒரு பேருதவி செய்தது. 1920இல் காணர், அலாட் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவரும் செடிகள் பகலின் நீளத்தை உணர்ந்து பூக்கின்றன என வெளியிட்டனர். பகலை நீட்டுவதற்கு மங்கிய மின்குமிழ்களே போதுமாயின. ஒளி செடிக்கு உணவாகவும் அமையும், செய்தியாகவும் அமையும் என்பது இதனாற் புலனாயிற்று. உணவுக்கு வலிய ஒளி வேண்டும். செய்திக்கு மெல்லொளியே சாலும். திருகோணமலையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரமே. அச்சிறு வேறுபாட்டையும் அறிந்து கதிர்விடும் பழைய நெல்லினங்கள் இந்நாட்டில் உள்ளன என்பது ஈண்டு நினைக்கத்தகும்.

1938இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த குழல் விளக்கு, இரச ஆவியில் நிகழும் மின்னிறக்கத்தாலும் குழலின் உட்பூச்சாலும் ஒளிர்வது. வெப்பம் குறைந்து ஒளி மிகுந்ததால், செடிகளுக்கு நெருக்கமாக அதனைத் தொங்கவிட முடிந்தது. தாவர இழைய வளர்ப்பு ஆய்வுகூடங்களின் தட்டுகளையும் வீட்டறைகளின் தொட்டிச் செடிகளையும் நெடுங்காலம் வளர்த்தது அதுவே. மின்னிறக்கத்தோடு சோக்கும் மீண்டது. 40 உவாற்றுத் தடித்த குழலுக்கு மாற்றாக 36 உவாற்று மெல்லிய குழல் வந்தபோது, இரண்டுக்கும் ஏறத்தாழ 0.43 அம்பியர் மின்னோட்டமே போதுமாறு அமைத்தனர்; ஆகையால் பழைய சோக் அப்படியே பயன்பட்டது. ஆனால், அதனினும் மெல்லிய 28 உவாற்றுக் குழலுக்கு அப்பழைய சோக் ஒவ்வாது. அதற்கென இலத்திரனியற் சோக் வேண்டும்.

விளக்கைத் தேர்வதில் மனிதக் கண்ணை நம்புதல் தவறு என்பதையும் காலம் உணர்த்திற்று. கண்ணுக்குப் பச்சையும் மஞ்சளுமே மிகப் பிரகாசமாகத் தோன்றும். 1972இல் மக்கிரீ என்பவர் 22 பயிரினங்களின் இலைகளை ஆராய்ந்து, 400 முதல் 700 நனோமீற்றர் வரையுள்ள அலைநீளங்கள் ஒளித்தொகுப்புக்கு உதவுகின்றன எனவும், அவற்றுட் சிவப்பே தலையாயது எனவும் காட்டினார். பச்சையொளி அறவே பயனற்றது என்னும் கருத்தும் அவரது அளவீட்டாற் பொய்யாயிற்று.

1960களில் வந்த உயரழுத்தச் சோடிய விளக்கும் உலோக ஏலைட்டு விளக்கும் கண்ணாடி இல்லங்களுக்குப் பேரொளி தந்தன. பொருத்தம் என்னும் கேள்வி கடுமையானதும் இவற்றாலேயே. 400 உவாற்று இரச விளக்கு ஏறத்தாழ 3.25 அம்பியரில் இயங்கும். அதே 400 உவாற்றுச் சோடிய விளக்குக்கு ஏறத்தாழ 4.5 அம்பியர் வேண்டும். பெட்டியின் மேல் எழுதப்பட்ட எண் ஒன்றே, உள்ளோட்டம் வேறு. சோடிய விளக்கின் சோக்கில் இரச விளக்கைப் பொருத்தினால் அது மிகைச் சுமையால் வெந்து, ஒருகால் வெடிக்கவும் கூடும். மாறிப் பொருத்தினாலோ சோடிய விளக்கு பெரும்பாலும் எரியவே மறுக்கும். ஏனெனில், அதனைத் தொடக்கிவைக்கச் சில ஆயிரம் வோல்ற்று அழுத்தத்தைக் கணப்பொழுது தரும் தொடக்கி இரச விளக்கின் சோக்கில் இல்லை. சோடிய விளக்கு முதுமையடையும்போது அதன் அழுத்தம் உயர்ந்து, எரிவதும் அணைவதுமாகத் தடுமாறும். அப்போது பிழை சோக்கிலன்று. மாற்ற வேண்டியது விளக்கையே.

பலநாட்டுப் பொருள்கள் வந்திறங்கும் ஒரு தீவில் இவ்வறிவு ஏட்டளவில் நிற்பதன்று. இலங்கையின் மின்வழங்கல் 230 வோல்ற்று, 50 ஏற்சு. 60 ஏற்சு வழங்கலுக்கெனச் செய்யப்பட்ட தூண்டற் சோக்கை இங்கு இணைத்தால், அழுத்தம் ஒத்திருந்தாலும் அதன் தடுக்கும் ஆற்றல் ஆறிலொரு பங்கு குறையும்; மின்னோட்டம் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு பெருகும். திருகோணமலை போன்ற வெப்பமான கடற்கரையூரில், காற்றோட்டமற்ற பெட்டியினுள் அடைபட்ட சோக்கின் சுருள்கள் விரைவிற் கெடும். உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும். செடி வாடுவதோடு முடியாமல் வீட்டிலே தீப்பற்றவும் இதனால் இடமுண்டு.

1993இல் சுஜி நக்கமுரா ஒளிமிக்க நீல ஒளியுமிழ் இருவாயியை உருவாக்கிய பின்னர் வெண்ணொளி தரும் எல்ஈடீ விளக்குகள் வந்தன. 2014இல் அவருடன் அக்கசாக்கி, அமானோ ஆகியோருக்கும் நொபெல் பரிசு கிடைத்தது. இரசத்தின் தீங்கு கருதி 2013இல் நிறைவேறிய மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள், பொது ஒளியூட்டலுக்கான குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027ஆம் ஆண்டளவில் முடிப்பதென 2023இல் தீர்மானித்தன. ஆயினும், சோக்கின் கதை முடிந்ததெனக் கருதுதல் பொருந்தாது. எல்ஈடீ விளக்கும் கட்டுப்பாடற்ற மின்னோட்டத்தைத் தாங்காது. சோக்கின் பணியை 'டிரைவர்' என்னும் உறுப்பு அங்கே ஏற்றுள்ளது. பழைய சட்டத்தில் எல்ஈடீ குழலைப் பொருத்துவோர், அது பழைய சோக்குடன் இயங்குவதா, சோக்கை நீக்கி நேரே இணைக்க வேண்டியதா என்பதைக் குழலின் குறிப்பிற் பார்த்த பின்னரே கைவைத்தல் வேண்டும்.

வரலாற்று ஏடுகள் விளக்கைக் கண்டவர்களையே போற்றுகின்றன. அதனை அடக்கி நிறுத்திய சுருளுக்கு அவற்றில் ஓரடியேனும் கிடைப்பதரிது. ஆயினும், நூற்றாண்டு கடந்த இவ்வனுபவம் உணர்த்தும் ஒழுங்கு தெளிவானது: முதலிற் செடியின் தேவை, அதற்கேற்ற விளக்கு, அவ்விளக்குக்கேற்ற சோக். பாயை மட்டும் கண்டு கப்பலை மதிப்பிட்ட மாலுமி கரைசேர்ந்ததில்லை. கொட்டியாரக் குடாவிற் பாய்விரித்த மரக்கலம் அறிந்திருந்த அவ்வுண்மையே அறையின் மூலையில் ஒரு நாற்றை வளர்க்கும் விளக்கிலும் உறைகின்றது.